மூன்று ப்ரெட்ஸெல் நேரம்

ரைபிள் சுடுவது கண்ணின் வேலை என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் நிற்கிற பலகையில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்துக்குள், இருபது குண்டையும் இறக்க வேண்டும். அதற்குக் கண் மட்டும் போதுமா? கண் எல்லாருக்கும்தான் இருக்கிறது. என் அக்கா வெர்னாவின் புறங்கை யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

அக்கா எங்கள் ஊர் காலுறை ஆலையில் இருபத்தாறு வருடம் பரிசோதகராக இருந்தாள். பெண்கள் போடுகிற மெல்லிய காலுறைகள். ஒவ்வொன்றிலும் கையை விட்டு, புறங்கையை விரித்து, ஒரு இழு இழுத்துப் பார்ப்பாள். எங்காவது ஒரு இழை தடித்திருந்தால் அவள் தோலுக்குத் தெரிந்துவிடும். "தேறும்" என்று ஒரு பக்கம் போடுவாள், "தேறாது" என்று இன்னொரு பக்கம் போடுவாள். நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருவது இந்த இரண்டு வார்த்தைதான். எங்கள் குடும்பத்துக்கு மொத்தமாகக் கிடைத்த பேச்சையெல்லாம் நானே எடுத்துக்கொண்டுவிட்டேன் என்று அம்மா திட்டுவாள்.

அத்தான் ஹார்லன் பால் வண்டி ஓட்டுகிறார். விடிவதற்கு முன் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு, மலைச்சாலையில் உருட்டிக்கொண்டு வருவார். பொறுமைசாலி. எப்படிப்பட்ட பொறுமை தெரியுமா? அக்காவைக் கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டு, பதிலுக்காக இரண்டு வருடம் ஆலை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானாக இருந்தால் இரண்டாம் வாரமே வேறு வாசலைப் பார்த்திருப்பேன்.

"அந்தாளுகிட்ட என்னத்தைக் கண்டே?" என்று ஒரு முறை கேட்டேன்.

"காத்திருந்தாரு" என்றாள். அவ்வளவுதான்.

சுடும் இடத்திலும் அவர் அப்படித்தான். எங்கள் கிளப்பின் மைதானம் இரண்டு மலைக்கு நடுவில் இருக்கிறது. காற்று ஒரு நேரம் இடமிருந்து வரும், ஒரு நேரம் வலமிருந்து வரும், சில நேரம் இரண்டும் சேர்ந்து வந்து, காற்றுப் பார்க்க நட்ட கொடியைச் சுருட்டும். மற்றவர்கள் ஏதோ கணக்குப் போட்டுச் சுட்டுவிடுவார்கள். ஹார்லன் அத்தான் கொடி தனக்குப் பிடித்த மாதிரி அடங்கும்வரை குப்புறப் படுத்தபடியே கிடப்பார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதற்கு எங்கள் ஊரில் அவரைத்தான் கைகாட்டுவார்கள்.

நாங்கள் கடையில் தோட்டா வாங்குவதில்லை. வாங்கினால் சிரிப்பார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் கழுவி, அச்சில் அழுத்தி, கழுத்தைச் சீவி, அடியில் தீப்பொறி கொடுக்கிற புதுக் கேப்பு வைத்து, தராசில் எடை போட்ட வெடிமருந்தைக் கொட்டி, மேலே குண்டை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் அடுத்ததைப் போலவே இருக்க வேண்டும். ஒரு மணி மருந்து கூடக் கூடாது, குறையக் கூடாது.

முதலில் ஹார்லன்தான் தோட்டா கட்டிக்கொண்டிருந்தார், சமையலறை மேசையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அக்கா கையில் காபியோடு அந்தப் பக்கம் போனவள் நின்றுவிட்டாள்.

"இப்ப வச்சது முன்னாடி வச்சது மாதிரி இல்லை."

"எப்படி இல்லாம போகும்? அதே தராசு, அதே மருந்து."

"முன்னாடி குண்டு வழுக்கிட்டு இறங்குச்சு. இது முணுமுணுத்துட்டு இறங்குது. தள்ளு."

காபியை வைத்துவிட்டு அழுத்தும் கைப்பிடியைத் தானே பிடித்தாள். ஒவ்வொரு குண்டும் கூட்டின் கழுத்துக்குள் எப்படி இறங்குகிறது என்று கையாலேயே கேட்டாள். வழுக்கினவற்றை ஒரு முட்டை அட்டையிலும் முணுமுணுத்தவற்றை இன்னொன்றிலும் அடுக்கினாள். அடுத்த சனிக்கிழமை ஹார்லன் இரண்டையும் தனித்தனியாகச் சுட்டுப் பார்த்தார். வழுக்கியவை ஓரிடத்தில் குவிந்தன, முணுமுணுத்தவை அதற்கு ஒரு சாண் கீழே குவிந்தன. அன்று மாலையே அத்தான் அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

அதன்பின் அந்தச் சமையலறை கோயில் மாதிரி ஆகிவிட்டது. தராசு வெளியே வந்தால் மின்விசிறி நின்றுவிடும், நாய் வெளியே போய்விட வேண்டும். வாலை ஆட்டினால் காற்றடித்துத் தராசு முள் ஆடும் என்பாள். எனக்குத் தும்மல் வந்தால் நானும் வெளியேதான். "நாயாவது சொன்னா கேக்குது" என்பாள். சுவரோரம் முட்டை அட்டைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். ஏனென்றால் ஒரு ரைபிளுக்குப் பிடிப்பது இன்னொன்றுக்குப் பிடிக்காது. கிளப் தலைவர் ஐராவின் ரைபிளுக்குக் குண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஹார்லனுடையதற்கு உள்ளே அடங்கி இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் நாக்கும் அக்காவுக்குத் தெரியும்.

ஒவ்வொரு அக்டோபரிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து கிளப்போடு எங்களுக்குப் போட்டி நடக்கும். நான்கு பேர் போவார்கள். நால்வருக்கும் தோட்டா ஒரே மேசையிலிருந்துதான் போகும், அதுதான் வழக்கம். யாருடைய மேசை என்பது சுடுகிறவர்களின் பெயரைவிடப் பெரிய மரியாதை. ஒன்பது வருடம் அது அக்காவின் மேசையாக இருந்தது. ஆலையில் யாரும் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அக்டோபர் காலையில் ஐரா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்று அந்த நான்கு பெட்டியையும் வாங்கிக்கொள்கிற அந்த ஒரு நிமிடம்தான் அவளுக்கு வருடம் முழுவதற்கும் ஆன சம்பாத்தியம். அவள் இதைச் சொல்லமாட்டாள். அன்றைக்கு மட்டும் நல்ல ஏப்ரன் கட்டியிருப்பாள், அதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

பத்தாவது வருடம் இரண்டு புள்ளியில் தோற்றோம். அத்தானின் குண்டில் மூன்று, காரணமே இல்லாமல் மேலே ஏறிப் போய்விட்டன. பக்கவாட்டில் ஒரு விரல்கூட விலகவில்லை. காற்றை அவ்வளவு சரியாகப் பிடித்திருந்தார். ஆனால் உயரம் போய்விட்டது. திரும்பி வந்ததும் தீயணைப்புக் கூடத்துச் சாப்பாட்டு மேசையில் ஐரா கேட்டார், "என்னப்பா ஆச்சு, ஹார்லன்?"

அத்தான் தட்டைப் பார்த்தபடி சொன்னார், "தெரியலை. மருந்துல ஏதோ கோளாறு இருக்கும்."

அக்கா அவருக்குப் பின்னால் நின்று நூடுல்ஸும் கோழியும் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு அவர் தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகவே போட்டுவிட்டு நகர்ந்தாள். எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

குளிர்காலம் முழுக்க அவள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கூடுகளை மறுபடி எடை போட்டாள், பாதியைத் தூக்கிப் போட்டாள். தராசைத் துடைத்துத் துடைத்துச் சரிபார்த்தாள். தன் கையின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் போனபோது கண்ணை மூடிக்கொண்டு, பழைய காலுறை ஒன்றைப் புறங்கையில் மாட்டித் தடவிக்கொண்டிருந்தாள். "இன்னும் தெரியுதாடா, இல்லை மரத்துப் போச்சான்னு பாக்குறேன்" என்றாள். வீட்டுக்குப் பின்னால் வயலில் ஹார்லன் அந்தத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்ப்பார். அங்கே கொடி இல்லை, அடுத்தடுத்துச் சுடுவார், எல்லாம் ஒரே ஓட்டைக்குள் போகும். கிளப்புக்கு வந்தால் மறுபடி ஒன்றிரண்டு மேலே ஏறும். வெர்னாவுக்கு வயசாகிவிட்டது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஜூன் மாதம் ஐரா வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"டவுன்ல அந்தப் பல் டாக்டர் புதுசா ஒரு மெஷின் வச்சிருக்கார், வெர்னா. மருந்தைத் தானே எடை போடுமாம். பசங்க எல்லாம் கேக்குறாங்க... ஆகஸ்ட் போட்டியைப் பாப்போம். அதுவும் இப்படியே போச்சுன்னா அக்டோபர் பெட்டியை அவர்கிட்ட கொடுக்கலாம்னு இருக்கேன். தப்பா எடுத்துக்காதே."

"சரி" என்றாள் அக்கா. தப்பாக எடுத்துக்கொள்ளும் வேலையை நான் பார்த்துக்கொண்டேன். அந்தப் பல் டாக்டர் ஏற்கெனவே என் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியவர்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சுடுகிறவர்கள் அந்த முனையில் படுத்திருப்பார்கள். இந்த முனையில், இலக்குப் பலகைகளுக்குக் கீழே, காங்கிரீட் சுவருக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. என் இடம் அங்கேதான். தலைக்கு மேல் குண்டு 'பட்' என்று போகும். பலகையைக் கீழே இறக்கி, ஓட்டையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி மேலே ஏற்றுவேன். எங்கே பட்டது என்று அவர்கள் தொலைநோக்கியில் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அடுத்த குண்டு வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குச் சும்மா இருக்க வராது. அதனால் ஒரு பை நிறைய ப்ரெட்ஸெல், முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கிற கெட்டி உப்பு பிஸ்கட், எடுத்துக்கொண்டு போவேன். கடைவாய்ப் பல் இல்லாதவன் ஒன்றைத் தின்று முடிக்க ஒரு நிமிடம் ஆகும்.

ஜூலையில் ஒரு பயிற்சி முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய்ப் பொரிந்து தள்ளினேன்.

"உன் வீட்டுக்காரருக்குப் பலகை இழுக்கிறதுக்குப் பதிலா கல்லறைக்குக் காவல் இருக்கலாம்! மூணு ப்ரெட்ஸெல்! ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவுல மூணு தின்னேன்! அவ்வளவு நேரம் படுத்துக் கிடந்துட்டு அதையும் மேல கொண்டு போய் வைக்கிறாரு!"

அக்கா பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள்.

"எது மேல போச்சு?"

"அந்த மூணு ப்ரெட்ஸெல் குண்டுதான்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததுக்கு ஒண்ணுகூட முழுசா முடிக்க விடலை. படபடன்னு வந்துச்சு. அதெல்லாம் நடுவுலதான்."

அவள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். பிறகு சொன்னாள், "அடுத்த தடவை எழுதிக்கிட்டு வா. எத்தனாவது குண்டு, எங்க பட்டுச்சு, அதுக்கு முன்னாடி எத்தனை தின்னே."

என் வாழ்க்கையில் நான் தின்றதை யாரும் கணக்கு கேட்டதில்லை, டாக்டரைத் தவிர. இருந்தாலும் அடுத்த வாரம் ப்ரெட்ஸெல் பையின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வந்தேன். அக்கா அதைக் கிழித்து மேசையில் விரித்து விரலால் வரிவரியாகப் போனாள்.

"ஒன்பதாவது, மூணு தின்னிருக்கே. மேலே. பதினாலாவது, நாலு. இன்னும் மேலே. பதினெட்டு, மூணு. மேலே."

"ரெண்டாவதுக்கும் மூணு தின்னேனே. அது நடுவுல போச்சே?" என்றேன், கெட்டிக்காரன் மாதிரி.

"ரெண்டாவது குண்டு போறப்ப குழல் இன்னும் சூடாகலைடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தான் ஒரு குண்டைச் சுட்டதும் பழக்கதோஷத்தில் அடுத்த தோட்டாவை உடனே ரைபிளுக்குள் போட்டு அதன் கதவைப் பூட்டிவிடுவார். அதற்கப்புறம்தான் காற்றுக்குக் காத்திருப்பார், அதுவும் வருடத்துக்கு வருடம் நீளமாக. அடுப்பு மாதிரி கொதிக்கிற இரும்புக்குள் தோட்டா மூன்று நிமிடம் வேகும். மருந்து சூடானால் வேகம் கூடும், வேகம் கூடினால் குண்டு மேலே போகும். புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான், எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஹார்லனின் பொறுமையை யார் சந்தேகப்படுவார்கள்? அவசரக்காரன் தப்புப் பண்ணுவான், பொறுமைசாலி எப்படிப் பண்ணுவான்?

அக்கா முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அந்தப் பையை நான்காக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இப்பவே போய்ச் சொல்றேன் அந்தாளுகிட்ட" என்று எழுந்தேன். "ஐராகிட்டயும் சொல்றேன். பல் டாக்டர்கிட்டயும் சொல்றேன்!"

"உக்காரு எல்வுட்."

"ஏன்? ஒன்பது மாசமா உன் மேல பழி!"

"அவர்கிட்ட இருக்கிறதே அந்த ஒண்ணுதான்டா. காத்திருக்கிறது. அதுதான் தப்புன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

மறுநாள் காலை நான் அங்கே இருந்தேன். மருந்து டப்பாவுக்குப் புதுக் காகிதம் சுற்றி ஒட்டியிருந்தாள். ஹார்லன் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஹார்லன், புது மருந்து வாங்கியிருக்கேன். இது கொஞ்சம் வெயிலுக்குப் பயப்படும் போல. தோட்டாவை உள்ள போட்டு வைக்காதே. நிழல்ல வச்சிரு. கொடி அடங்கினதும் எடுத்துப் போட்டுச் சுடு. காத்திருக்கிறதை எப்பவும் போலக் காத்திரு."

"ரைபிள் கதவைத் திறந்து வச்சுட்டுக் காத்திருக்கணுமா?"

"ஆமா."

"சரி. உன் மருந்து, உன் சட்டம்" என்றார் அத்தான்.

அவர் குளிக்கப் போனதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், "மருந்துதான் கோளாறுன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சே. பழைய மருந்து கெட்டதை ஒன்பது மாசமா கண்டுபிடிக்கத் தெரியாதவள்னு ஐரா உன்னைத்தான் சொல்வாரு. மேசை போயிடும் அக்கா."

"போகட்டும்" என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போது சுவரோரம் இருந்த முட்டை அட்டைகளை அவள் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் போட்டியில் பள்ளத்துக்குள் உட்கார்ந்து ப்ரெட்ஸெல்லையே எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாவது குண்டுக்கு முன் இரண்டு ப்ரெட்ஸெல் தின்றேன். நடுவில். பன்னிரண்டாவதுக்கு முன் நான்கு! நான்கு முழு ப்ரெட்ஸெல்! 'பட்' என்றது. பலகையை இறக்கவே பயமாக இருந்தது. இறக்கினேன். நட்டநடுவில் ஓட்டை. அந்தப் பள்ளத்துக்குள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன், அழுதேன். இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்று எட்டு. அத்தான் அவ்வளவு எடுத்ததே இல்லை.

சாயங்காலம் தீயணைப்புக் கூடத்தில் பன்றித்தொடை விருந்து. எல்லாரும் ஹார்லனின் முதுகில் தட்டினார்கள். ஐரா தட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

"புது மருந்து வேலையைக் காட்டிடுச்சு. ஆக, பழைய மருந்துதான் இத்தனை நாள் நம்மைக் கவுத்திருக்கு. யானைக்கும் அடி சறுக்கும், நான் யாரையும் குத்தம் சொல்லலை. வெர்னா நமக்காக பத்து வருஷம் உழைச்சிருக்கா, அவளுக்கு ஒரு கைதட்டு. இந்த அக்டோபர்ல இருந்து பெட்டி நாலையும் டாக்டர்..."

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். பாதி எழும்போதே மேசைக்கடியில் அக்காவின் குதிகால் என் பாதத்தில் இறங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளும் காலை எடுக்கவில்லை.

ஆனால் வேறு ஒருவர் எழுந்துவிட்டார்.

"ஐரா, கொஞ்சம் இரு" என்றார் ஹார்லன். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. "அது புது டப்பா இல்லை."

அக்கா தலை நிமிர்ந்தாள்.

"அந்த டப்பாவை ஏப்ரல்ல நான்தான் படியில போட்டு நசுக்கினேன். மேல காகிதம் ஒட்டலாம். நசுங்கினதை என்ன பண்றது? நேத்து கையில எடுத்தப்ப கட்டை விரல் நேரா அந்தப் பள்ளத்துல போய் உக்காந்துச்சு. அதே மருந்து. அப்ப அவ எதைத்தான் மாத்தினான்னு ராத்திரி யோசிச்சேன். ரைபிள் கதவு. அது ஒண்ணுதான் மாறியிருக்கு." அவர் தொப்பியைக் கையில் சுருட்டினார். "இருபது வருஷமா பால் வண்டி ஓட்டுறேன். வண்டியை வெயில்ல நிறுத்திட்டு நின்னா பால் திரிஞ்சிடும்னு சின்னப் பிள்ளைக்கும் சொல்லுவேன். அதே ஆள் தோட்டாவைச் சூட்டுல போட்டுப் பூட்டிட்டுக் காத்துக்கு நின்னுருக்கேன். அவ தோட்டாவுல ஒரு குத்தமும் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. அதை என்கிட்ட சொன்னா நான் சங்கடப்படுவேன்னு டப்பா மேல காகிதம் சுத்தியிருக்கா."

அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"நான் காத்திருந்து கெட்டதுன்னு எதுவும் இல்லை, ரெண்டைத் தவிர. ஒண்ணு, தோட்டாவை உள்ள போட்டுட்டுக் காத்திருந்தது. இன்னொண்ணு..." சுருட்டிய தொப்பியை மேசையில் வைத்தார். "போன அக்டோபர்ல இதே மேசையில ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாளே வாபஸ் வாங்கியிருக்கணும். அதுக்கும் பத்து மாசம் காத்திருந்துட்டேன், வெர்னா."

ஐரா மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். "அக்டோபர் ரெண்டாவது சனிக்கிழமை காலையில வரேன்" என்றார் அக்காவைப் பார்த்து. "பெட்டி நாலு."

அக்கா ஐராவைப் பார்த்துத் தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற ஹார்லனை உட்காரும்படி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்கார்ந்ததும், அத்தனை பேர் முன்னாலும், புறங்கையை அவர் கன்னத்தில் வைத்து நெற்றியோரத்திலிருந்து தாடைவரை மெதுவாக ஒரு இழு இழுத்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"தேறும்" என்றாள்.

அதற்கப்புறம்தான் என் காலை விட்டாள்.